ஒட்டு எலும்பு: பாரிஸ் ரொட்டிக்காரர் முதல் எங்கள் வீடு வரை



இரண்டு மாதமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். காரணம் என் மனைவியின் வலது தோள்.

ஐந்தாறு வருடத்து வலி அது. கேத்திக் குளிரில் யாருக்குத்தான் மூட்டு வலிக்கவில்லை என்று சொல்லி, தைலம், வெந்நீர் ஒத்தடம் என்று நான்தான் நாளைக் கடத்தினேன். தலை வாரக் கை எழும்பாத நிலை வந்த பிறகுதான் கோவைக்கு இறங்கினோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் நிதானமாக விளக்கினார். தோள்பந்து தேய்ந்துவிட்டது. அதைப் பிடித்திருக்கும் தசைநாரும் கிழிந்திருக்கிறது. அதோடு, பந்து உட்காரும் குழியும் ஒரு பக்கமாகக் கரைந்து சரிந்திருக்கிறது. செயற்கை மூட்டை அப்படியே வைத்தால் சாய்ந்துதான் நிற்கும். எனவே எலும்பை ஆப்பு போல் செதுக்கிப் பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் மூட்டை வைக்க வேண்டும்.

"எந்த எலும்புங்க டாக்டர்? செத்தவங்களதா?" என்று கேட்டாள் இவள்.

"இல்லம்மா, உங்களதுதான். தேஞ்ச பந்தை எப்படியும் வெட்டி எடுக்கணும். அதிலிருந்தே செதுக்கிக்குவோம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பிவிட்டோம். எனக்குப் பயம். எழுபத்தொரு வயதில் இது தேவையா என்று அவளிடமே சொன்னேன். பிறகு, புதுவையில் படித்த பிரெஞ்சு முழுக்க மறந்துபோகவில்லையே என்று, இந்தச் சிகிச்சையின் கதையைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். தோள் வைத்தியத்தின் பாதிக் கதை பிரான்சிலேயே நடந்திருக்கிறது.

1893இல் பாரிஸில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவர். வயது 37. தோளில் காசநோய் பற்றி எலும்பை அரித்துவிட்டது. கையை எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். மாவு பிசைபவருக்குக் கை போனால் பிழைப்பே போயிற்று அல்லவா? ழூல் எமில் பெயான் என்ற அறுவை மருத்துவர் அவருக்குச் செயற்கைத் தோள் ஒன்று வைத்தார். ஓவியர் துலூஸ் லோத்ரெக் படமாக வரைந்தாரே, அந்த பெயான்தான். மூட்டைச் செய்து கொடுத்தவர் போர்ட்டர் மைக்கேல்ஸ் என்ற பல் மருத்துவர். தண்டு பிளாட்டினம், பந்து கெட்டி ரப்பர். உலகில் மனிதருக்கு வைத்த முதல் செயற்கைத் தோள் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு வருடம் அது உள்ளே இருந்தது. காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. சீழ் வடிவது நிற்கவில்லை. கடைசியில் மூட்டைக் கழற்றிவிட்டார்கள். அது இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழற்றியபோது ஒன்றைக் கவனித்தார்கள்: உலோகத்தைச் சுற்றி உடம்பு தானே புது எலும்பை ஓடு போல வளர்த்திருந்தது.

எலும்பை ஒட்ட வைப்பது அதற்கும் முந்திய வித்தை. கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மெக்கீவன், சீழ் பிடித்து மேற்கை எலும்பையே இழந்த ஒரு சிறுவனுக்கு வைத்தியம் பார்த்தார். வளைந்த கால்களை நிமிர்த்துவதற்காக மற்றக் குழந்தைகளுக்கு அவர் வெட்டியெடுத்த ஆப்பு வடிவ எலும்புத் துண்டுகள் கைவசம் இருந்தன. தூக்கி எறிய வேண்டியவை. அவற்றை அந்தச் சிறுவனின் கையில் வரிசையாக வைத்தார். அவை ஒன்றுசேர்ந்து எலும்பாயின. 1881இல் இதை எழுதி வெளியிட்டார்.

பெயானுக்குப் பின் தோள் விஷயம் வெகு காலம் தூங்கியது. 1950களில் நியூயார்க்கில் சார்ல்ஸ் நீயர் உலோகப் பந்தை வைத்து மீண்டும் தொடங்கினார். ஆனால் தசைநார் கிழிந்தவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. இடுப்பு மூட்டு உரலுக்குள் உலக்கை மாதிரி. தோளோ சின்னத் தட்டின்மேல் வைத்த ஆரஞ்சு. இழுத்துப் பிடிக்க நார் இல்லையென்றால் உருண்டுவிடும். 1985இல் பிரான்சின் திழோன் நகரில் பால் கிராமோன் தலைகீழாக யோசித்தார். குழி இருந்த இடத்தில் பந்தையும், பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும் வைத்தார். அப்போது தோளின் வெளிப்புறத்துப் பெரிய தசை ஒன்றே கையைத் தூக்கப் போதுமானதாகிவிட்டது.

அந்தப் பந்தைத் திருகிப் பொருத்த, தோள்பட்டை எலும்பில் உறுதியான அடித்தளம் வேண்டும். நீஸ் நகரத்து பாஸ்கல் புவாலோ குழுவினர் 2011இல் வெளியிட்ட முறை இங்கேதான் வருகிறது. நோயாளியின் பந்திலிருந்தே காசு போல வட்டமான ஒரு எலும்புத் துண்டை எடுக்கிறார்கள். குழி சரிந்திருந்தால் துண்டையும் ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெலிதாகச் சாய்த்து வெட்டுகிறார்கள். நடுத்துளையில் உலோகத் தகட்டின் முளை நுழைகிறது; திருகாணிகள் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்குகின்றன. சில மாதங்களில் துண்டு பழைய எலும்போடு ஒன்றாகிவிடுகிறது. எவ்வளவு சாய்வு, எவ்வளவு தடிப்பு என்பதை ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரில் முன்னமே கணக்கிட்டுக்கொள்ள முடிகிறது.

ஆளுக்குத் தக்க அளவெடுத்துச் செய்வது நம் பக்கம் புதிதல்ல. எலும்புப் புற்றுநோயாளிகளின் கைகால்களை வெட்டாமல் காப்பாற்ற, ஒவ்வொருவர் அளவுக்கும் உலோக எலும்பு செய்து பொருத்தியவர் சென்னையின் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இங்கே ஒரு குமாஸ்தாவின் குறிப்பு. பிரெஞ்சில் எலும்பு ஒட்டுக்கும் மரத்து ஒட்டுக்கும் 'கிரெஃப்' என்ற ஒரே சொல்தான். அதே எழுத்தில், பால் மட்டும் மாற்றினால், நீதிமன்றப் பதிவேட்டு அலுவலகம்; அங்கே எழுதுபவர் 'கிரெஃபியே'. எழுத்தாணியைக் குறிக்கும் பழஞ்சொல்லே இரண்டுக்கும் மூலம். சீவிய ஒட்டுக்குச்சி எழுத்தாணி போல இருப்பதால் வந்த பெயராம். ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதியவனுக்கு இது இத்தனை நாள் தெரியவில்லை.

இதையெல்லாம் இவளிடம் சொன்னேன். எங்கள் தோட்டத்துப் பேரி மரத்துக்கு ஒட்டுக் கட்டியவள் அவள்தான். "ஒட்டுன்னா பயம் இல்லைங்க. அசையாம கட்டணும், புடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும், அவ்வளவுதானே" என்றாள். பிறகு, "அந்த ரொட்டிக்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டாள். மூட்டைக் கழற்றியதையும், அந்தக் காலத்தில் மருந்து இல்லாததையும் மறைக்காமல் சொன்னேன். இப்போதும் சீழ் பிடிக்கும் ஆபத்து கொஞ்சம் உண்டு, ஒட்டு சேராமல் போவதும் உண்டு என்று டாக்டர் சொன்னதையும் நினைவூட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேதி வாங்கிடுங்க" என்றாள்.

அடுத்த மாதம் அறுவை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலியை மட்டும் கணக்குப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். நாம் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே குழியும் தேய்ந்துகொண்டே போகலாம். முன்னமே போயிருந்தால் இவளுக்கு இந்த ஆப்பே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. அந்தத் தாமதம் என் கணக்கில்தான் எழுத வேண்டியது.