பழி சுமக்கும் பற்றரி

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலவை அடுத்துள்ளது வஹகோட்டை. புனித அந்தோனியார் திருத்தலத்தால் புகழ்பெற்ற ஊர். அதற்கு அண்மையில், குருநாகலையும் தம்புள்ளையையும் இணைக்கும் பெருவீதி கலேவெல வழியே செல்கிறது. 1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் தோன்றியபின் இப்பகுதி உழவனின் வாழ்வு லொறிகளோடு பிணைந்துவிட்டது. ஏற்றிய மரக்கறியோடு லொறி கிளம்ப மறுத்தால் அழுகுவது காய்கறி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் உழைப்புமாகும். அவ்வேளையில் முதற்பழி பற்றரிமீது விழுகிறது; அடுத்த பழி சாரதிமீது. இப்பழி நீதியானதா?

வரலாற்றைக் கேட்போம். மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈயப் பற்றரியைப் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859 இல் படைத்தார். ஆயினும் மோட்டார் வண்டியை உயிர்ப்பிக்க, நெடுங்காலம் மனிதன் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினான். அது திருப்பி அடித்துக் கையெலும்பை முறித்ததும் உண்டு. 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் கெற்றரிங்கின் மின் ஸ்ராட்டர் இடம்பெற்றது. மனிதன் தோளிலிருந்து இறங்கிய சுமை பற்றரியின்மேல் ஏறியது. செலவாகும் மின்னை ஈடுசெய்ய டைனமோ உழைத்தது. ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது தளர்ந்தது. 1960களில் டயோட்டுகளுடன் பரவிய அல்ரநேற்றர் அக்குறையைப் பெரிதும் போக்கியது.

ஆகவே பற்றரி தனித்து வாழ்வதன்று. பெரும்பாலான கனரக லொறிகளில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகள் தொடராக இணைந்து 24 வோல்ற் தருகின்றன. நிறைந்து ஓய்ந்திருக்கையில் மானி ஏறத்தாழ 25.4 காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 28 அளவில் நிற்கவேண்டும். உயராவிடின் குற்றம் பெரும்பாலும் பெல்ட்டிலோ, அல்ரநேற்றரிலோ, அழுத்தச் சீராக்கியிலோ, துருவேறிய முனைகளிலோ இருக்கிறது. 30ஐத் தாண்டினால் மிகையான மின்னேற்றம் பற்றரியின் நீரை வற்றச்செய்யும். வானொலிக்காக ஒரு பற்றரியிலிருந்து மட்டும் மின் எடுத்தால், அது வறள, மற்றது மிகையேற்றத்தால் நலிகிறது. இவற்றை அளக்காமல் புதிய பற்றரி பொருத்தினால், பழையதன் கதியே அதற்கும் நேரும்.

சில நிமிட அளவீடு செய்யாததன் விலையைச் செலுத்துபவன் யார்? பெரும்பாலும் கூலியில் வாழ்பவன். தேய்ந்த பெல்ட்டை மாற்ற மறுத்த உரிமையாளனின் சிக்கனம் கணக்கில் தெரிவதில்லை. பாதிவழியில் நின்ற சாரதியின் பெயர் மட்டும் தெரிகிறது. ஆசிரியர்களே, மாணவர்களே! ஓம் விதியை நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். அது கராஜில் எண்ணெய் படிந்த கைகளைச் சென்றடைய வேண்டாமா? மானியைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, தன்மீது சுமத்தப்படும் பழிக்குச் சான்றுடன் மறுமொழி கூறுவான். அளவிடும் அறிவு இயந்திரத்திற்கு மட்டும் உரியதன்று. நீதிக்கும் அதுவே முதற்படி.