மறுக்கப்பட்ட உயிர்களின் சரித்திரம்

ஆயுட் காப்புறுதிக்கு விண்ணப்பித்த ஒருவனுக்குக் கம்பனியிலிருந்து கடிதம் வருகிறது: விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை. கடிதம் இரண்டு வரிக்கு மேல் நீள்வதில்லை. ஆனால் அதைப் பெற்றவன், தன் உயிர் மதிப்பற்றது என்று யாரோ தீர்ப்பளித்துவிட்டதாக எண்ணிக் குன்றிப்போகிறான். சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி வரை நீளும் கரையில், கடலையும் களப்பையும் உப்பளத்தையும் நம்பி வாழும் உழைப்பாளிக்கு இம்மறுப்பு எளிதில் நேரக்கூடியது. ஆழ்கடல் மீன்பிடியைக் காப்புறுதிக் கணக்கர் ஆபத்தான தொழில்களில் ஒன்றாக வைத்திருக்கின்றனர். வருமானமோ பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. அவனிடம் நாம் சொல்ல வேண்டிய முதல் உண்மை இது: அக்கடிதத்தில் இருப்பது ஒரு கணக்கு. அத்தகைய கணக்குகளை மக்கள் பலமுறை மாற்றியிருக்கிறார்கள்.

நம் அண்டை நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் ஆயுட் காப்புறுதிக் கம்பனி நிறுவப்பட்டது. அது இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரின் குடும்பங்களை மனத்திற்கொண்டு எழுந்தது. அக்காலத்து ஐரோப்பியக் கம்பனிகள் இந்தியரின் உயிரைத் தாழ்ந்த உயிராகவே கணித்தன. ஒன்று, மறுத்தன, அல்லது கூடுதல் கட்டுப்பணம் கேட்டன. இந்நிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1870இல் பம்பாயில் தோன்றிய பம்பாய் பரஸ்பர ஆயுட் காப்புறுதிச் சங்கம், இந்தியரின் உயிரைச் சாதாரண விகிதத்திலேயே ஏற்றுக்கொண்டது. கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்தவர்கள் தாமே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் கதை இதனினும் கொடியது. 1881இல் புரூடென்ஷியல் கம்பனி, கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமமான கட்டுப்பணம் செலுத்தினாலும் மூன்றில் இரண்டு பங்கு தொகையே வழங்குவதென முடிவு செய்தது. 1884இல் மசசூசெட்ஸ் மாநிலம் இத்தகைய பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. 1896இல் அக்கம்பனியின் புள்ளிவிவர நிபுணர் பிரெடெரிக் ஹொப்மன் ஒரு நூல் எழுதினார். கறுப்பின மக்களின் மரண விகிதம் அவர்களுடைய இனத்தின் இயல்பினால் விளைவது என்பது அவர் வாதம். நெரிசலான குடியிருப்பும் அரை வயிற்று உணவும் மருத்துவமின்மையும் கொன்ற மனிதர்களை அவர் எண்ணினார்; கொன்றவற்றை எண்ணவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1898இல், வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கறுப்பின மக்களுடைய காப்புறுதிக் கம்பனி ஒன்று பிறந்தது. அதை நிறுவியோருள் முதன்மையானவரான ஜோன் மெரிக் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலில் உயர்ந்தவர். ஹொப்மனின் நூலுக்கு இதைவிடச் சிறந்த மறுப்புரை வேண்டியதில்லை.

கம்பனிகளும் தம் வழியில் ஒரு கதவைத் திறந்தன. 1824இல் டொக்டர் ஜோர்ஜ் பிங்கார்ட் லண்டனில் தொடங்கிய கிளெரிக்கல் மெடிக்கல் சங்கம், நோயுற்றவரையும் கூடுதல் கட்டுப்பணத்தின் பேரில் ஏற்றது. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயோர்க் லைப் கம்பனியின் மருத்துவர் ஒஸ்கார் ரோஜர்சும் கணிப்பாளர் ஆர்தர் ஹண்டரும் புள்ளி முறையொன்றை வகுத்தனர். சராசரி உயிருக்கு 100 புள்ளி. இரத்த அழுத்தம், உடற்பருமன், குடும்ப நோய், தொழில் ஆகிய ஒவ்வொன்றிற்கும் கூட்டலோ கழித்தலோ உண்டு. முழு மறுப்புக்கும் முழு ஏற்புக்கும் இடையே படிகள் அமைந்தன. இது முன்னேற்றமே. ஆயினும் ஆபத்தான வேலையைச் செய்பவன் அந்த ஆபத்திற்கான விலையையும் தானே கொடுக்க வேண்டும் என்பது இம்முறையின் உள்ளுறை. அவன் பிடித்த மீனை உண்பவர் அவ்விலையில் பங்கு கொள்வதில்லை.

இலங்கையில் அரசு அக்கேள்வியைக் கையிலெடுத்தது. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1962 ஜனவரி முதல் ஆயுட் காப்புறுதி அதன் ஏகபோகமாயிற்று. இதனை முன்னின்று நிறைவேற்றிய அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன, 'அம்ப யகளுவோ' என்னும் சிங்கள நாவலின் ஆசிரியர் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவார்கள். இலாபம் நாட்டுக்கு வந்தது. எனினும் தவணை தவறாத கட்டுப்பணம், வயதுச் சான்று, மருத்துவச் சோதனை எனக் காப்புறுதியின் அமைப்பு மாதச் சம்பளக்காரனுக்கு ஏற்றதாகவே நீடித்தது. தென்மேற்குப் பருவக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிக் காலந்தள்ளும் கரைவலைத் தொழிலாளியிடம் மாதத் தவணைக்குப் பணம் ஏது? 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பனிகள் மீண்டும் வந்தன. கூட்டுத்தாபனத்தின் வழிவந்த நிறுவனமும் 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டது; 2009இல் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையை இரத்துச் செய்தது. கடற்றொழிலாளருக்கென ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1990இலேதான் இயற்றப்பட்டது.

மரண விகிதம் விதியன்று என்பதற்கு நம் தீவே சாட்சி. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த மரண விகிதம், டிடிரி தெளிப்பும் மருத்துவ வசதியும் உணவுப் பங்கீடும் பரவிய 1947இல் ஏறத்தாழ 14ஆக இறங்கியது. ஓராண்டில் எந்த இனத்தின் இரத்தமும் மாறிவிடவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. வறண்ட வலயத்துப் புத்தளமும் ஒருகாலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போனதே. கட்டுப்பணத்தை உயர்த்தியதால் அந்த ஆபத்து அகலவில்லை. பொதுச் சுகாதாரமே அதை அகற்றியது. பாதுகாப்பான படகும் உயிர்காப்பு அங்கியும் புயல் எச்சரிக்கையும் கடலின் ஆபத்தையும் அவ்வாறே குறைக்கும்.

மக்கள் இதற்கிடையில் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. இத்தீவின் கிராமந்தோறும் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. சிறு சந்தா, சாவு நேர்ந்த வீட்டுக்கு உடனடி உதவி. இரத்த அழுத்தத்தை அவை அளப்பதில்லை. தொகை சிறியது; சவ அடக்கத்தைத் தாண்டி, பிள்ளைகளின் படிப்பு வரை அது எட்டாது. அதனால் மறுக்கப்பட்டவன் காப்புறுதியையும் கைவிடலாகாது.

கிராமத்தில் பிறருக்குப் படிவம் நிரப்பித் தருபவர் ஆசிரியரே. ஆகவே சில செய்திகளை அவர் அறிந்திருத்தல் நலம். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். நோயே காரணமெனில், சிகிச்சை பெற்று, சான்றுகளோடு சில காலத்திற்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஒரு கம்பனி மறுத்ததை இன்னொன்று கூடுதல் கட்டுப்பணத்திலோ குறைந்த தொகைக்கோ ஏற்கக்கூடும். கூட்டுறவுச் சங்கம் அனைவருக்கும் சேர்த்துக் கூட்டுக் காப்புறுதி பெறுமானால், தனித்தனி மருத்துவச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. ஒன்றை மட்டும் செய்யலாகாது: முன்னர் மறுக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கும்போது "இல்லை" என்று எழுதுவது. அப்பொய்யின் தண்டனை எழுதியவனுக்கன்று; அவன் இறந்தபின் வெறும் காகிதத்தோடு நிற்கும் மனைவிக்கு.

இவற்றுள் கூட்டுக் காப்புறுதியே பம்பாயும் டர்ஹமும் காட்டிய பாதைக்கு அண்மையானது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடலில் வலை வீசும் கரை இது. தனித்தனியே விண்ணப்பிக்கும்போது அவர்களைத் தள்ளுவது எளிது. சங்கமாகத் திரண்டு கேட்கும்போது கணக்கர் தம் ஏட்டைத் திருப்பிப் பார்க்கவே வேண்டும்.