தொடக்கநிலை முக்குளிப்போருக்கான பவளப்பாறை இடத் தேர்வு

விடுமுறைப் பயணத்தின்போது முதன்முறையாகவோ, சான்றிதழ் பெற்றுச் சில முறையே கடலில் இறங்கிய பழக்கத்தோடோ ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடுவோர், தம் திறனுக்குப் பொருந்திய பவளப்பாறைப் பகுதியைத் தெரிந்தெடுப்பது முக்குளிப்பிடத் தேர்வு எனப்படும். ஸ்கூபா என்பது, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய உருளையை முதுகில் சுமந்து, சுற்றுநீரின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றை அளந்து தரும் சீராக்கியின் வழியே நீருக்கடியில் மூச்சுவிடும் முறையாகும். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் ஆக்கிய கருவியிலிருந்து இன்றைய கருவிகள் வளர்ந்தன. மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்போர், தாம் மூழ்க வேண்டிய கடலடித் திட்டைப் ‘பார்’ என்ற சொல்லால் குறித்தனர். எந்தப் பாரில், எந்தப் பருவத்தில், எந்த நீரோட்டத்தில் இறங்கலாம் என்பதே அவர்கள் தொழிலின் முதற்பாடமாக இருந்தது. காற்று உருளை வந்த பின்னும் அந்தக் கேள்விகள் மாறவில்லை.

ஆழம். ஆழம் கூடக் கூடக் காட்சியும் சிறக்கும் என்ற எண்ணம் பயணிகளிடையே பரவலாக உண்டு. பவளப்பாறையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறானது. பாறையைக் கட்டும் பவள உயிரிகளின் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவைத் தம்மைத் தாங்கும் உயிரிக்கும் பகிர்ந்து தருவதால், கதிரொளி நன்கு இறங்கும் மேல்நீரிலேயே பவளமும் அதைச் சார்ந்த மீன்கூட்டமும் செழிக்கின்றன. மேலும், நீர் சிவப்பொளியை முதலில் உறிஞ்சிவிடுவதால், 10 மீட்டருக்குக் கீழே கைவிளக்கு இல்லாமல் பார்ப்பவருக்குச் செந்நிறப் பொருள்கள் சாம்பல் படிந்த நீலமாகவே தோன்றும். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரின் துணையோடு இறங்குவோருக்குப் பன்னாட்டுப் பயிற்சி அமைப்புகள் 12 மீட்டரையும், முதல்நிலைச் சான்றிதழ் பெற்றோருக்கு 18 மீட்டரையும் எல்லையாக வைத்துள்ளன. ஆகவே எல்லைக்குள் நிற்பவர் பவளப்பாறையின் வளமான பகுதியில்தான் நிற்கிறார்.

காற்றின் கணக்கும் இதையே வலியுறுத்துகிறது. நீர்மட்டத்தில் 1 வளிமண்டலமாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் 2 ஆகவும், 20 மீட்டரில் 3 ஆகவும் உயர, ஒவ்வொரு மூச்சும் அதே அளவு பெருகிய காற்றை உருளையிலிருந்து இழுக்கிறது. 12 லிட்டர் உருளையில் 200 பார் (ஏறத்தாழ 200 வளிமண்டல) அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 2,400 லிட்டர்; நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு அது 10 மீட்டரில் 60 நிமிடமும், 20 மீட்டரில் 40 நிமிடமும் வரும், அதிலும் கால்பங்கை மேலேறுவதற்கென ஒதுக்கிவைக்க வேண்டும். பதற்றத்தால் வேகமாக மூச்சுவிடும் புதியவருக்கு நேரம் இன்னும் சுருங்கும்.

ஆனால் மிக ஆழமற்ற நீர் எளிதானது என்றும் கொள்ள முடியாது. மேலிருந்து முதல் 10 மீட்டருக்குள்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது. வேறெந்த 10 மீட்டரிலும் மாற்றம் இவ்வளவு பெரிய விகிதத்தில் நிகழ்வதில்லை. எனவே செவியின் அழுத்தத்தைச் சமன்செய்வதும், மேலே மிதந்தெழாமலும் கீழே அமிழாமலும் உடலை ஒரே மட்டத்தில் நிறுத்தும் மிதவைக் கட்டுப்பாடும் இப்பகுதியிலேயே கடினம்; மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் ஒன்றிரண்டு மீட்டர் உயர்விலும் நுரையீரல் சிதையக்கூடும். அலை உருளும் 3 மீட்டர் நீரைவிட 6 முதல் 12 மீட்டர் வரையுள்ள அமைதியான நீர் புதியவருக்கு உகந்தது.

பாறையின் வடிவமும் நீரோட்டமும். சார்லஸ் டார்வின் 1842-இல் வெளியிட்ட நூலில் பவளப்பாறைகளைக் கரையை ஒட்டிய கரையோரப் பாறை, கரைக்கும் தனக்கும் இடையே அகன்ற நீர்ப்பரப்பை விட்டு நிற்கும் தடுப்புப் பாறை, நடுவே காயலைச் சூழ்ந்த வளையப் பாறை என மூன்றாகப் பகுத்தார். புதியவர் நோக்கில் பார்த்தால், காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணற்சரிவோடு அமைந்த கரையோரப் பாறையே முதலிடம் பெறும்: கால்களுக்குக் கீழே தரை தெரிவதால் ஆழம் தவறிப் போவதில்லை, பயிற்சியின்போது மண்டியிட்டாலும் மணலில்தான் படும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராத திரள்பவளத்தின்மீது மண்டியிட்டால் விளையும் சேதம் எளிதில் ஆறுவதன்று.

செங்குத்துச் சுவராக இறங்கும் பாறைகளில் தரை என்ற தடை இல்லை. எகிப்தின் தஹாப் நகரருகே உள்ள ‘நீலத்துளை’ இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் விளிம்பிலுள்ள பவளத்தோட்டம் புதியவரும் கண்டு மகிழத்தக்கதாயினும், ஏறத்தாழ 55 மீட்டரில் உள்ள வளைவு வாயிலைக் கடக்க முயன்று பலர் உயிரிழந்துள்ளனர்.

மீனவர் ‘நீவாடு’ என வழங்கும் நீரோட்டம், ஆழத்தைவிடவும் கூர்ந்து ஆராயப்பட வேண்டியது. மாலத்தீவில் இடத்தின் பெயரே இதற்குக் குறிப்புத் தருகிறது: நீர்மட்டத்தை நெருங்கி நிற்கும் சிறுபாறை ‘கிரி’, அதைவிட ஆழத்தில் உச்சி அமைந்தது ‘திலா’, வளையப் பாறையை அறுத்துக் காயலையும் திறந்த கடலையும் இணைக்கும் கால்வாய் ‘கண்டு’. சுறாக்களும் திருக்கைகளும் திரளும் கண்டுகளில் பருவக்காற்றும் ஓதமும் உந்தும் நீர் வலிமையாகப் பாய்வதால் அவை பழகியவர்க்கே உரியன. காயலுக்குள் மறைவாக அமைந்த கிரிகளும், விடுதியை ஒட்டிய பாறைகளும் தொடக்கத்துக்குப் போதுமானவை. பொழுதுபோக்கு முக்குளிப்பின் ஆழத்தை அந்நாட்டுச் சட்டம் 30 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது.

கரீபியக் கடலில் உள்ள பொனைர் தீவு மறுமுனையில் நிற்கிறது. அதன் மேற்குக்கரை காற்றுக்கு மறைவானது. பாறை கரையிலிருந்து சில அடிகளிலேயே தொடங்குகிறது. இறங்குமிடங்களைச் சாலையோரத்து மஞ்சள் கற்கள் காட்டுகின்றன. 1979 முதல் சுற்றுக்கடல் முழுவதும் காப்பகமாக உள்ள இத்தீவில், வருவோர் முதலில் ஓர் அறிமுக முக்குளிப்பை முடித்த பின்னரே பிற இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்ற விதி, பிற நாடுகளும் பின்பற்றத்தக்கது.

பருவமும் அண்மைக் கடல்களும். ஒரே இடம் ஒரு பருவத்தில் தொட்டிநீர் போலவும், மறுபருவத்தில் கலங்கலாகவும் இருக்கும். இலங்கையில் இது தெளிவாகத் தெரிகிறது: தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவைக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும்; நவம்பருக்குப் பின் நிலைமை தலைகீழாகும். நிலாவெளிக்கு எதிரே, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளத்தை டிசம்பரில் காணத் திட்டமிடுவது பயணச்செலவை வீணாக்குவதாகும்.

சென்னையிலிருந்து விமானத்தில் செல்லும் தமிழகப் பயணிகள் பெரிதும் நாடும் இடம் அந்தமானின் ஸ்வராஜ் தீவு. 2018 வரை ஹேவ்லாக் எனப்பட்டது. அங்கு நீமோ ரீஃப் எனப்படும் இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். சரிவு மெல்ல ஆழமாவதால் முதல்முறை இறங்குவோரை அங்கு அழைத்துச் செல்வது வழக்கம். இதே தீவிலிருந்து படகில் செல்லும் டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் ஆகியவற்றின் பெரும்பகுதி 18 மீட்டருக்குக் கீழே இருப்பதால் அவை மேல்நிலைச் சான்றிதழ் பெற்றோர்க்கானவை. ஆழமற்ற பாறையைப் புகழும்போது ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: நீர் வெப்பமுறும்போது பவளம் தன் பாசிகளை இழந்து வெளிறிப்போகும் நிகழ்வு 2010-இல் அந்தமானின் ஆழமற்ற பாறைகளைக் கடுமையாகத் தாக்கியது. எனவே பழைய ஒளிப்படங்களை நம்பாமல், அண்மையில் அங்கு இறங்கியவர்களின் சொல்லைக் கேட்டு இடத்தை முடிவுசெய்வது நல்லது.

தமிழகத்துக்கு மிக அருகிலுள்ள பவளப்பாறைகள் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளைச் சூழ்ந்தவை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் தீவுகளுக்குள் நுழைவது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதாலும், நீர் அடிக்கடி கலங்குவதாலும், அது விடுமுறை முக்குளிப்புக்கான களமாக வளரவில்லை.

நடத்துநரும் பயணநாள்களும். இடம் நல்லதாயினும் அழைத்துச் செல்பவர் பொறுப்பற்றவராயின் பயனில்லை. ஆஸ்துமா, இதயநோய், காது அறுவை ஆகியவை பற்றி வினவும் மருத்துவப் படிவத்தைத் தராமலே கருவியை மாட்டிவிடுவோரையும், கடல்நிலை கெட்ட நாளில் பணத்துக்காகப் படகெடுப்போரையும் தவிர்க்க வேண்டும். பயணத்தின் கடைசி நாளும் இடத் தேர்வைப் பாதிக்கிறது. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழ்களாகி அழுத்தநீக்க நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், ஒரே ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமும், பலமுறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழிந்த பின்னரே பறக்க வேண்டும். அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) காலை 8 மணிக்குப் புறப்படும் விமானத்தில் இடம் பதிந்திருப்பவர், பலமுறை மூழ்கியிருந்தால், முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குள் கடைசி முறையாக நீரிலிருந்து மேலேறியிருக்க வேண்டும்.