பட்டு நூல் அறுந்த கதை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: உலோகம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும், அலோகம் இரண்டையும் கடத்தாது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருநூறு வருஷ உழைப்பு இருக்கிறது. அதற்குப் பிறகும் வரி முழுக்கச் சரியில்லை என்பதுதான் வேடிக்கை. நான் படித்தது வணிகவியல். ஆனாலும் கதை ஒரு சாயத் தொழிலாளியிடம் தொடங்குவதால், எனக்கும் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்டீபன் கிரே இங்கிலாந்தில் கான்டர்பரிக்காரர். துணிக்குச் சாயம் போடுவது தொழில். வயதான காலத்தில் கையில் காசில்லாமல் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்ம இல்லத்தில் தங்கியிருந்தார். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் இறகை இழுக்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1729-ல் அவர் கவனித்தது வேறு. தூசி போகாமல் குழாயின் வாயில் அடைத்திருந்த கார்க்கும் இறகை இழுத்தது. தேய்த்தது கண்ணாடியை, இழுப்பது கார்க். அப்படியானால் ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கே நகர்கிறது!

எவ்வளவு தூரம் போகும்? 1729 ஜூலை 2 அன்று கென்ட் பகுதியில் நண்பர் கிரான்வில் வீலரின் வீட்டில் சோதனை. கயிற்றின் ஒரு முனையில் கண்ணாடிக் குழாய், மறுமுனையில் தந்தப் பந்து, பந்துக்குக் கீழே மெல்லிய பித்தளைத் தகட்டுத் துணுக்குகள். கயிற்றைத் தாங்க வீலர் சொன்ன யோசனை, பட்டு நூல். குழாயைத் தேய்த்ததும் 147 அடிக்கு அப்பால் துணுக்குகள் துள்ளின.

மறுநாள் கயிற்றை இன்னும் நீளமாக்கினார்கள். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. சரி, மெல்லியதாகவும் இருக்க வேண்டும், பலமாகவும் இருக்க வேண்டும் என்று பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். எவ்வளவு தேய்த்தும் மறுமுனையில் சலனமே இல்லை.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. பட்டு மெல்லியதாக இருந்ததால் காப்பாற்றவில்லை, பட்டாக இருந்ததால்தான் காப்பாற்றியது. பித்தளை, வந்த மின்சாரத்தையெல்லாம் சுவர் வழியாகப் பூமிக்கு அனுப்பிவிட்டது. பொருள்கள் இரண்டு ஜாதி என்று உலகம் அறிந்தது அந்த அறுந்த நூலால். 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தவர் பிற்பாடு வந்த டெசாகுலியர்ஸ். கிரேவுக்கு 1731-ல் ராயல் சொசைட்டியின் முதல் காப்ளி பதக்கம் கிடைத்தது. 1736-ல் இறந்துபோனார்.

வெப்பத்தின் கதை தனியாக வளர்ந்தது. 1780-களில் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர், ஒரே பருமனுள்ள பல உலோகக் கம்பிகளில் மெழுகு பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, மெழுகு எதுவரை உருகுகிறது என்று அளந்தார். வெள்ளி முதலிடம். 1853-ல் வீடமான், ஃப்ரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே வெப்பநிலையில், வெப்பம் கடத்தும் திறனுக்கும் மின்சாரம் கடத்தும் திறனுக்கும் உள்ள விகிதம் எல்லா உலோகத்திலும் ஏறக்குறைய ஒன்றே!

இரண்டு பேரேடுகளில் ஒரே தொகை வந்தால், பின்னால் இருப்பது ஒரே ஆள் என்று எங்கள் வங்கியில் சந்தேகப்படுவோம். இங்கும் அதே கதைதான். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். உலோகத்துக்குள் கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்களே இரண்டு மூட்டைகளையும் சுமக்கின்றன என்று 1900-ல் ட்ரூட் சொன்னார். 1928-ல் சோமர்ஃபெல்ட் குவாண்டம் கணக்குப் போட்டு அதை நேராக்கினார்.

நம் எவர்சில்வர் பாத்திரத்துக்குச் செம்பு அடிப்பாகம் ஏன் என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. எவர்சில்வர் கலப்பு உலோகம். பல வகை அணுக்கள் கலந்து கிடப்பதால் எலக்ட்ரான்கள் வழியெல்லாம் முட்டி மோதுகின்றன. அது வெப்பம் கடத்துவது செம்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்போது அந்த எட்டாம் வகுப்பு வரிக்கு வருவோம். வைரம் அலோகம், சுத்தமான கார்பன். மின்சாரம் கடத்தாது, சரி. ஆனால் வெப்பத்தைச் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும்! அங்கே சுமப்பது எலக்ட்ரான் அல்ல, அணுக்களின் அதிர்வு. இறுகக் கட்டிய, வரிசை குலையாத லேசான அணுக்கள் என்பதால் அதிர்வு தங்குதடையில்லாமல் ஓடுகிறது. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் அந்த ஒழுங்கு இல்லை, அதிர்வு பாதியிலேயே சிதறிவிடும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் கார்பன்தான். அது இரண்டையும் கடத்தும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். பழக்கமில்லாத ஊரில், பெண்ணின் கல்யாணத்துக்கு வைரத்தோடு வாங்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைப்பார், 'பீப்' என்று சத்தம் வரும். அது பார்ப்பது வெப்பம் கடத்தும் திறனை. கண்ணாடியும் அமெரிக்கன் டைமண்டும் அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் 1990-களின் கடைசியில் சந்தைக்கு வந்த மாய்ஸனைட் என்ற கல்லும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், அந்தக் கருவி அதையும் வைரம் என்றே சொன்னது. அதனால்தான் மின்சாரத்தையும் சோதிக்கும் கருவிகள் வந்தன. மாய்ஸனைட் பெரும்பாலும் கொஞ்சம் மின்சாரம் கடத்தும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தை மட்டும் இந்தச் சோதனைகள் பிரித்துக் காட்டாது, ஏனென்றால் அதுவும் வைரம்தான். அதற்குப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேளுங்கள்.

பிள்ளைகள் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யட்டும், மார்க் முக்கியம். கூடவே 'அப்போ வைரம்?' என்று ஒரு கேள்வியையும் காதில் போட்டு வையுங்கள்.