வந்தாரா, எப்படி வந்தார்?

மலாயில் வரலாற்றைச் 'செஜாரா' என்பார்கள். மரம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது; மன்னர்களின் வம்ச மரம். தமிழில் வரலாறு என்றால் வரல், ஆறு, வந்த வழி. அதை எழுதுபவர் வரலாற்றாசிரியர். ஆனால் நம்ம ரப்பர் தோட்டங்களில் நம் மக்களைப் பற்றி நாள் தவறாமல் எழுதியவருக்குப் பெயர் வேறு: கிராணி.

விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோலில் ஏறும். சம்பளம் போட அது போதும். ஆள் வந்தாரா என்பது செக்ரோலின் கேள்வி. எந்த ஊரிலிருந்து, யாரை விட்டுவிட்டு, எப்படி வந்தார் என்பது வரலாற்றின் கேள்வி. இதைக் கேட்டு எழுத அங்கே யாரையும் வேலைக்கு வைக்கவில்லை.

அதற்காகச் செக்ரோலை மட்டமாக நினைத்துவிட முடியாது. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில் பாதையைப் பாருங்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுடைய படைகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாம்களில் சக கைதிகளும் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அதே பாதையில் செத்த மலாயாத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. எத்தனை பேர் என்பதே இன்றும் மதிப்பீடுதான். அந்த வெற்றிடத்தில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், தப்பி வந்தவர்களின் வாய்மொழியும்தான் நமக்குக் கைகொடுக்கின்றன.

கணக்கும் கடிதமும் எழுதுகிறவர் வரலாறு எழுத முடியாதா? மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா எழுதினார். முன்ஷி என்றால் எழுத்தர், மொழி சொல்லித் தருபவர். தமிழ் வம்சாவளியும் கலந்தவர். வியாபார மொழி என்பதால் சிறுவயதில் தமிழும் படித்தார். ராஃபிள்ஸுக்கு எழுத்து வேலை பார்த்தார். 1849இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில் எழுதியதோ தன் வாழ்க்கையையும் தான் கண்டதையும். ஆங்கிலேயர் மலாக்கா கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததை ஊர்க்காரர் ஒருவரின் கண்ணால் நாம் பார்ப்பது அதில்தான்.

வரலாற்றாசிரியர் என்ற சொல்லில் 'ஆசிரியர்' இருப்பதாலோ என்னவோ, அது பல்கலைக்கழகத்து ஆட்களின் வேலை என்று என்னைப் போன்ற இன்ஜினியர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த பாட்டிகள் அம்பாங் அடுக்குமாடிகளில் இன்னும் இருக்கிறார்கள். "எப்படி வந்தீங்க பாட்டி?" என்று கேட்டு, பேர், ஊர், தோட்டம், ஆண்டு நான்கையும் எழுதி வைத்தால் போதும். எழுதியவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.