‘பிறவிக் கோளாறு’ என்று எழுதி அனுப்பிய தாள்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் காலனிகளில் பட்டாளத்துக்குப் போனவர் வீடு என்றால் ஒரு மரியாதை உண்டு. மருந்து அறைக்குப் போகாமல் மாதச் சம்பளம், கேண்டீன் கார்டு, பென்ஷன் என்று ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்க இருந்த சில வழிகளில் அது ஒன்று. அதே தெருவில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு வீடும் இருக்கும். சர்வீஸ் முடியாமல் ஏழெட்டு வருடத்திலேயே திரும்பி வந்தவரின் வீடு. ‘மிலிட்டரிக்காரருக்கு மனசு சரியில்லை’ என்று ஊர் சொல்லும். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் மடித்துக் கிடக்கும். அதைப் பிள்ளைகளுக்குக்கூடக் காட்ட மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது. அதில் இருக்கும் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல, அதை மறுஆய்வு செய்யச் சொல்லிக் கேட்கலாம், கேட்டவர்கள் வென்றிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். அதற்கு முன் நம்முடைய சொந்த வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ‘இவன் பிறவியிலேயே தகுதியற்றவன்’ என்று எழுதி ராணுவம் ஆளை வெளியே அனுப்பியது ஒரு தனி மனிதரோடு தொடங்கவில்லை. ஒரு சமூகத்தையே அப்படி அனுப்பியிருக்கிறது.

முதலில் ஒரு சமூகத்தை அனுப்பினார்கள்

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் போரிட்ட மகர் சிப்பாய்களைப் பற்றி நாம் ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பேசுவது குறைவு. பம்பாய்ப் படையில் தலைமுறை தலைமுறையாக இருந்த மகர்களை 1892-இல் ஆங்கில அரசு படையில் சேர்ப்பதை நிறுத்தியது. அண்ணல் அம்பேத்கர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு அது. அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அந்தக் கதவு மூடியது.

காரணம் என்ன? போர்க்களத்தில் அவர்கள் தோற்றார்களா, ஓடினார்களா? இல்லை. அப்போது ராணுவத் தலைமையில் ஓங்கியிருந்தது ‘போர்க்குல’க் கோட்பாடு. இந்தியாவில் சில சாதிகளும் சில இனங்களும்தான் பிறவியிலேயே வீரர்கள், மற்றவர்களின் இரத்தத்தில் அது கிடையாது என்பது அதன் சாரம். 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதன் பெரிய ஆதரவாளர். அதற்கு முன் சென்னைப் படைக்குத் தலைமை தாங்கியபோதே தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அந்தக் கொள்கை நம் பக்கத்தையும் தொட்டது. தமிழ்ப் பறையர்கள் பணியாற்றிய சென்னைப் பயனியர் படைப்பிரிவு 1933-இல் கலைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மகர் சிப்பாயின் பணிப் பதிவேட்டை யாரும் புரட்டவில்லை. எத்தனை போர், எத்தனை பதக்கம், எத்தனை ஆண்டு என்று கேட்கவில்லை. பிறப்பைப் பார்த்தார்கள், முடிவை எழுதினார்கள்.

அதற்கு எதிராக 1894-இல் ஒரு மனு எழுதப்பட்டது. எழுதியவர் கோபால் பாபா வலங்கர், 1886-இல் ஓய்வுபெற்ற மகர் ராணுவத்தார். எங்கள் சேவையைப் பாருங்கள், முடிவை மாற்றுங்கள் என்பதே மனுவின் கோரிக்கை. நாங்களும் பழைய சத்திரியர்களே என்று அதில் அவர் வாதிட்டதை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. உரிமை கேட்க வர்ணச் சான்றிதழ் எதற்கு? ஆனால் ராணுவத்தின் தீர்ப்பை மறுஆய்வு செய்யச் சொல்லிக் கேட்டதில் அவர் முன்னோடி. 1910-இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்தியா மந்திரிக்கு மனு அனுப்பினார். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் அரசு மகர் படைப்பிரிவு ஒன்றை எழுப்பியது. தேவை தீர்ந்ததும் 1921-இல் கலைத்தது. இரண்டாம் போரின் நடுவே 1941-இல் மகர் ரெஜிமெண்ட் மீண்டும் உருவானது. அந்த ஆண்டில் அண்ணல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

1892-இல் மூடிய கதவு முழுதாகத் திறக்க 49 ஆண்டுகள் ஆயின.

பிறகு ஒவ்வொருவராக

குடியரசு வந்த பின் சாதியின் பெயரால் ஆளை அனுப்ப முடியாது. ஆனால் ‘பிறவி’ என்ற சொல் ராணுவக் கோப்புகளை விட்டுப் போய்விடவில்லை. மருத்துவ மொழியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு சிப்பாய்க்கு நோய் வந்து பணி செய்ய முடியாமல் போனால் மெடிக்கல் போர்டு கூடும். நோய் ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று எழுதி, இயலாமை 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் டிசபிலிட்டி பென்ஷன் உண்டு. இரண்டுக்கும் இல்லை என்று எழுதினால் கிடையாது. மனநோய் வந்தவர்களின் தாளில் இரண்டாவதுதான் அடிக்கடி வரும். ‘பணிக்குத் தொடர்பில்லாத இயற்கைக் கோளாறு’ என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ஏன் என்ற விளக்கம் இருக்காது.

சிக்னல் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங் வலிப்பு நோய்க்காக 1994-இல் அனுப்பப்பட்டபோது அவர் தாளிலும் அதே வரிதான் இருந்தது. அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2 அன்று சொன்ன தீர்ப்பை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அதன் சாரம் எளிது. சேரும்போது உடம்பையும் மனதையும் சோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது நோய் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லையே? அப்படியானால் அவர் நல்ல நிலையில்தான் வந்தார் என்று கொள்ள வேண்டும். நோய் பணிக்காலத்தில் வந்தது என்று கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல, ராணுவத்துடையது. இவை நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகளிலேயே இருந்தவை. எழுதி வைத்த விதியை அமல்படுத்தச் சொல்லி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. வீர் பால் சிங் எதிர் பாதுகாப்பு அமைச்சகச் செயலாளர் என்ற வழக்கு. 1972-இல் படையில் சேர்ந்தவரை மனச்சிதைவு நோய் என்று எழுதி 1977-இல் அனுப்பிவிட்டார்கள். மனநல மருத்துவரின் அறிக்கையை நீதிபதிகளே வாங்கிப் படித்தார்கள். அதில் எழுதியிருந்தவை மருத்துவ நூல்கள் அந்த நோயைப் பற்றிச் சொல்வதோடு பொருந்தவில்லை. சிகிச்சைக்குப் பின் அவர் தேறினார் என்றும் அதே மருத்துவர் எழுதியிருந்தார். மெடிக்கல் போர்டின் கருத்துக்கு மதிப்புண்டு, ஆனால் அது யாரும் தொடக்கூடாத வேதம் அல்ல என்று சொல்லி, மறுஆய்வு மெடிக்கல் போர்டு அமைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளியே அனுப்பிய நாளிலிருந்து மறுஆய்வு உத்தரவு வரை 36 ஆண்டுகள்.

எல்லாத் தீர்ப்பும் இப்படி வந்துவிடவில்லை. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோயைச் சேர்க்கும்போதே கண்டுபிடிக்க முடியாது, அது பரம்பரையாகவும் வரக்கூடும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பென்ஷனை மறுத்தது. 2025 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு மறுபக்கம் நின்றது. 1988-இல் சேர்ந்து 1998-இல் மனச்சிதைவு என்று அனுப்பப்பட்ட சிப்பாயின் வழக்கு அது. காரணம் சொல்லாத மெடிக்கல் போர்டு அறிக்கை செல்லாது என்று சொல்லி அவருக்கு பென்ஷன் வழங்கியது.

மனநோய்க்கு மரபணுவும் ஒரு காரணம் என்று அறிவியல் சொல்வதை நாம் மறுக்கவில்லை. தூக்கமின்மை, தனிமை, அவமதிப்பு, சாவைப் பக்கத்தில் பார்ப்பது ஆகியவை நோயை முற்ற வைக்கும் என்பதையும் அதே அறிவியல்தான் சொல்கிறது. விதியும் ‘பணியால் முற்றியதா’ என்று தனியாகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் காரணத்தோடு பதில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல

பட்டாசு வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். அறை வெடித்தால் மறுநாள் செய்தியில் ‘உராய்வு காரணமாக’ என்று ஒரு வரி வரும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர், லைசென்ஸ் யார் பேரில், உள்குத்தகை யாருக்கு என்ற கேள்விகள் பின்னுக்குப் போகும். செத்தவரின் கவனக்குறைவு முன்னுக்கு வரும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகும் இதைக் கேட்டோம். ஆனால் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ‘தொழிலாளி கவனமாக இருந்தாரா’ என்று முதலில் கேட்டதில்லை. வேலையின்போது, வேலையால் நேர்ந்ததா என்றுதான் கேட்டது. மருந்து அறையானாலும் பனிமலை முகாமானாலும் சட்டத்தின் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். பழியை ஆளின் மேல் போட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசாமல் நழுவுகிற தந்திரமும் ஒன்றுதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இது தெரியும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வேண்டாதவர்களை நீல நிறத் தாள் கொடுத்து அனுப்பியது. 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை 48,603 பேருக்கு அந்தத் தாள் போனது. அவர்களில் 10,806 பேர், அதாவது நூற்றுக்கு 22 பேர், கறுப்பர்கள். ராணுவத்தில் கறுப்பர்களின் பங்கோ நூற்றுக்கு ஆறரைதான். நீலத் தாள் வைத்திருந்தவருக்குப் போர் வீரர்களுக்கான படிப்புச் சலுகையும் கடனும் மறுக்கப்பட்டன, வேலை கிடைப்பதும் கஷ்டமாயிற்று. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை இதை எடுத்துப் போராடியது. 1947-இல் நீலத் தாள் நிறுத்தப்பட்டது. வியட்நாம் போருக்குப் பின் மனக்காயத்தோடு வந்தவர்கள் பலர் ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பப்பட்டார்கள். அந்த மனக்காயத்தை அமெரிக்க மருத்துவ உலகம் ஒரு நோயாகப் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். அவர்களுடைய தாள்களைத் தாராள மனதோடு மறுஆய்வு செய்யுங்கள் என்ற உத்தரவு 2014-இல் வந்தது.

நம் ராணுவத்திலும் நோயை ஒழுங்கீனம் என்று எழுதுவது நடக்கக்கூடியதே. லீவு முடிந்தும் திரும்பாதவர், மேலதிகாரியிடம் கத்தியவர், குடிக்கத் தொடங்கியவர் என்று சிவப்பு மைப் பதிவுகள் சேரும். நான்கு சேர்ந்தால் ஆளை அனுப்பிவிடலாம் என்ற வழக்கம் இருந்தது. நான்கு பதிவு இருந்தாலே போதாது, விசாரித்துச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, உங்கள் தெருவில் அந்த வீடு இருந்தால் போய் உட்காருங்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் குடும்பத்துக்கு இது வெட்கமாகத்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சாதியைச் சொல்லிச் சிரித்த ஊர் மனநோயைச் சொல்லியும் சிரித்திருக்கும். முதலில் அந்த அக்காவிடமோ அப்பத்தாவிடமோ பேசுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல் இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள். சேரும்போது நோய்க் குறிப்பு இருந்ததா? பணிக்குத் தொடர்பில்லை என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா? எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள்?

விதிகள் 2008-இலும் 2023-இலும் மாற்றி எழுதப்பட்டன. அதனால் வெளியே வந்த தேதி முக்கியம். 2008 விதிகளின்படி, 15 ஆண்டுக்கு மேல் தாமதித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் பக்கம் திரும்பும். வருடங்கள் ஓடிவிட்டன என்று யாராவது சொன்னால் தர்சேம் சிங் வழக்கின் 2008 தீர்ப்பைக் காட்டுங்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, தாமதத்தால் உரிமை சாகாது. நிலுவை மட்டும் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. மேல்முறையீட்டை ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த வீட்டின் நிலுவையில் கழிகிறது.

வலங்கர் மனு எழுதியபோது அவர் கையில் சட்டமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. சேவை செய்தோம் என்ற ஒரே வாதம்தான் இருந்தது. இன்று நம் கையில் இரண்டும் இருக்கின்றன. டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் அந்தத் தாளை வெளியே எடுப்போம்.

ஜெய்பீம்.