பந்து எப்போது ஜோர்டனிடம் வர வேண்டும்? சிகாகோ, 1986–1991

அணியில் ஒருவர் மட்டும் ஏனையோரைவிடப் பன்மடங்கு திறமையுடையவராக இருந்தால், பந்தை அவர் கையிலேயே விட்டுவிடுவதா? அல்லது அவரிடம் தக்க நேரத்தில் வந்து சேருமாறு ஆட்டத்தை அமைப்பதா? மும்பை நாக்பாடா ஆடுகளத்திலும் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலிலும் பயிற்சியாளர்கள் எதிர்கொள்ளும் வினாதான் இது. இவ்வினா மிகத் தெளிவாக விவாதிக்கப்பட்ட களம், 1980களின் பிற்பகுதியில் விளங்கிய சிகாகோ புல்ஸ் அணி.

கூடைப்பந்தில் கார்டு எனப்படுவோர் இருவகையினர். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தைப் பகிர்பவர் பாயிண்ட் கார்டு. புள்ளி சேர்ப்பதை முதற்பணியாகக் கொண்டவர் ஷூட்டிங் கார்டு. மைக்கேல் ஜோர்டன் இரண்டாம் வகையினர். 1986–87 பருவத்தில் அவர் ஆட்டத்திற்குச் சராசரியாக 37.1 புள்ளிகள் எடுத்தார். ஆயினும் அணி 40 ஆட்டங்களில் வென்று 42 ஆட்டங்களில் தோற்றது. பின்சுற்றின் தொடக்கத்திலேயே பாஸ்டன் செல்டிக்ஸிடம் 0–3 என வீழ்ந்தது.

அடுத்த தடை டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிகாகோவை வெளியேற்றிய அணி அது. அதன் பயிற்சியாளர் சக் டேலி வகுத்த தடுப்பு உத்திகள் ‘ஜோர்டன் விதிகள்’ என்றே பெயர்பெற்றன. அக்கால என்.பி.ஏ. விதிகள் மண்டலக் காப்பு முறையைத் தடைசெய்திருந்தன. பந்தை வைத்திருப்பவரை இருவர் சூழ்வதற்கோ தடையில்லை. எனவே பந்து யாரிடம் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், தடுப்போரின் வேலை பாதி முடிந்துவிடும்.

பயிற்சியாளர் டக் காலின்ஸ் அளித்த விடை, பந்தை ஜோர்டனிடம் மேலும் மிகுதியாகக் கொடுப்பது. 1989 மார்ச்சில் அவரைப் பாயிண்ட் கார்டாக மாற்றினார். விளைவு வியப்பூட்டுவது: 11 ஆட்டங்களுள் பத்தில் ஜோர்டன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் ஆகிய மூன்றிலும் இரட்டை இலக்கத்தை எட்டினார். ஆனால் டெட்ராய்ட் சுவர் தகரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் காலின்ஸ் நீக்கப்பட்டு, ஃபில் ஜாக்சன் பொறுப்பேற்றார்.

ஜாக்சன் தம் உதவிப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரின் முக்கோணத் தாக்குதல் முறையைக் கையிலெடுத்தார். வின்டர் 1962இலேயே நூலாக எழுதி வெளியிட்ட முறை அது. மூவர் ஒரு பக்கம் முக்கோணமாக நிற்பர். இருவர் மறுபக்கம் நிற்பர். அடுத்த நகர்வை முன்பே தீர்மானிப்பதில்லை. தடுப்பவர் நிற்கும் இடமே அதைத் தீர்மானிக்கும். இது மனப்பாட வசனமன்று, இலக்கணம்: விதிகள் சில, அவற்றிலிருந்து பிறக்கும் ஆட்டங்கள் பல. இம்முறையில் ஜோர்டனும் ஐவருள் ஒருவர். தொடக்கத்தில் அவருக்கு இதில் ஐயம் இருந்தது. திறன் குறைந்தோர் கைக்குத் தீர்மானமான பந்து செல்வதை அவர் விரும்பவில்லை.

இவ்விவாதத்தை ‘நட்சத்திரமா, அணியா’ எனச் சுருக்கிக் கூறுவது வழக்கம். எண்கள் வேறு கதை சொல்கின்றன. காலின்ஸின் இறுதிப் பருவமான 1988–89இல் ஜோர்டன் ஆட்டத்திற்குச் சராசரியாக 22.2 முறை கூடையை நோக்கி எறிந்தார், 1990–91இல் 22.4 முறை. புள்ளிச் சராசரி 32.5இலிருந்து 31.5 ஆனது. அதாவது அவருடைய பங்கின் அளவு ஏறத்தாழ மாறவேயில்லை. மாறியது, அப்பங்கு அவரை வந்தடைந்த வழி. அசிஸ்ட் சராசரி 8.0இலிருந்து 5.5ஆகக் குறைந்தது, தாக்குதலைத் தொடங்கிவைக்கும் சுமை பிறர் தோளுக்கு மாறியதன் அடையாளம் இது. அணியின் வெற்றிகள் 47இலிருந்து 61ஆக உயர்ந்தன.

1991இல் டெட்ராய்ட் 0–4 எனத் துடைத்தெறியப்பட்டது. இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக ஜோர்டனின் அசிஸ்ட் சராசரி 11.4. ஜூன் 12 அன்று நடந்த ஐந்தாம் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், இருவர் தம்மைச் சூழ்ந்தபோது அவர் தனித்து நின்ற ஜான் பாக்ஸனுக்கு மீண்டும் மீண்டும் பந்தளித்தார். பாக்ஸன் 20 புள்ளிகள் எடுத்தார். சிகாகோ 108–101 என வென்று முதன்முறையாகப் பட்டம் சூடியது.

எனினும் வெற்றி முழுவதையும் முக்கோணத்தின் கணக்கில் எழுதுவது வரலாற்றுப் பிழையாகும். 1987இல் அணிக்கு வந்த ஸ்காட்டி பிப்பனும் ஹோரஸ் கிராண்டும் அதற்குள் முதிர்ச்சியடைந்திருந்தனர். டெட்ராய்ட் வீரர்களோ தளர்ந்திருந்தனர். நம்பிப் பந்தளிக்கத் தக்கவர் இல்லாத அணியில் பகிர்வு என்பது வெறும் அறிவுரையே.

ஒப்பீட்டிற்கு ஃபிலடெல்பியாவைக் காணலாம். அங்கு லாரி பிரவுன், ஆலன் ஐவர்சனைப் பாயிண்ட் கார்டு பொறுப்பிலிருந்து விடுவித்து, எரிக் ஸ்னோவிடம் அப்பணியை ஒப்படைத்தார். 31.1 புள்ளிச் சராசரியுடன் ஐவர்சன் 2001இல் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். அணி இறுதிப் போட்டிவரை சென்றது. அங்கே அதை 4–1 என வென்ற லேக்கர்ஸின் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன். முறை அதே முக்கோணம்.

ஆகவே நட்சத்திரம் எவ்வளவு ஆட வேண்டும் என்பது இவ்விவாதத்தின் மேற்பரப்பு மட்டுமே. பந்து அவரை வந்தடையும்முன் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்க வேண்டும், அவர்களுள் எவரை அவர் நம்புவார் என்பதே 1991 விட்டுச்சென்ற வினா.